போனில் அழித்தால் கொம்பியூட்டரிலும் போகுமா?

மலையில் கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தில் ஒரு எண்ணைப் போடுகிறார். ஆபீஸ் செக்ரோலிலும் அதே எண் ஏற வேண்டும். மலையில் 18 கிலோ, ஆபீசில் 16 கிலோ என்றால் என்ன நடக்கும் என்று நம்ம தாய்மாருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கைபேசிக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் நடப்பதும் இந்தக் கதைதான். ஒரே படம், ஒரே பட்டியல் இரண்டிலும் இருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற வேண்டும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். படிக்கிற பிள்ளைகள் 'சிங்க்' என்பார்கள். 1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை ஒரு தொட்டிலில் வைத்து, பொத்தானை அமுக்கினால்தான் இது நடக்கும். இன்றைக்குப் பொத்தான் இல்லை. இன்டர்நெட் வழியாகத் தன்பாட்டில் நடக்கிறது. வசதிதான். ஆனால் நாம் கவனிக்காத நேரத்திலும் நடக்கிறது.

இதை ஏன் தோட்டத்து ஆட்களுக்கு எழுதுகிறோம்? கடுதாசிக்காக. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்று காட்டச் சொன்னது. காட்டக் கடுதாசி எத்தனை லயத்தில் இருந்தது? 1964 ஒப்பந்தம் வந்து, பல குடும்பங்கள் கடல் தாண்டி, 2003இல் இன்னொரு சட்டம் வரும்வரை இந்தப் பாடு தீரவில்லை.

கடுதாசியால் பட்ட பாடு நமக்கு மட்டுமல்ல. யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறை இருக்கிற அதே தீவில், புளியங்கூடல் என்றொரு ஊர். 1990இல் சண்டை தீவகத்துக்கு வந்தபோது சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் எல்லார் கையிலும் அகப்படவில்லை. இன்று அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்ஸிலுமாகச் சிதறி இருக்கின்றன.

அப்படி ஒரு வீட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்க. தாய் புளியங்கூடலில், மகன் கொழும்பில். தாய் காணி உறுதியைக் கைபேசியில் படம் பிடிக்கிறார். அது மகனின் கொம்பியூட்டருக்கும் வந்து சேர்கிறது, ஏனென்றால் இரண்டையும் ஒத்திசைவில் கட்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் இருக்கு, இனிப் பயமில்லை என்று இருவரும் நினைக்கிறார்கள். ஆறு மாசம் கழித்து போன் நிறைந்துபோச்சு என்று தாய் பழைய படங்களை அழிக்கிறார். கொழும்பிலும் படம் போய்விடுகிறது!

கொம்பியூட்டர் பிழை செய்யவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தோம். அது சொன்னபடி கேட்டது. ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. காப்புப் பிரதி என்பது ஒருமுறை எழுதித் தனியே வைத்துவிடுவது. அங்கே அழித்தாலும் இங்கே இருக்கும்.

கூகுள் போட்டோஸ் பாவிக்கிறவர்கள் பலர். அதில் காப்பு எடுத்த படத்தை அழித்தால் போனிலும் போகும், இணையத்திலும் போகும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். போனில் மட்டும் இடம் வேணுமென்றால் அதற்கென்றே 'இடத்தைக் காலியாக்கு' என்கிற தெரிவு உண்டு. அதைப் பாவிக்க வேணும்.

இன்னொரு சிக்கல், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவது. தாய் ஒரு பெயரைத் திருத்த, மகன் வேறு மாதிரித் திருத்த, எது சரி? டிராப்பொக்ஸ் போன்றவை தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பிரதியையும் வைத்துவிட்டு 'முரண்' என்று பெயர் போடும். பார்த்துத் தீர்ப்பது நம்ம வேலை. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

டேட்டா செலவில்லாத வழி கேபிள்தான். கைபேசியைக் கொம்பியூட்டரில் கொழுவி, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தெரிவு செய்யுங்க. கமரா படங்கள் 'டிசிஐஎம்' என்ற கோப்புறையில் இருக்கும். அங்கிருந்து பிரதி எடுக்க வேணும். வெட்டி ஒட்டக் கூடாது, பாதியில் கேபிள் கழன்றால் வில்லங்கம். வீட்டில் கொம்பியூட்டர் இல்லாவிட்டால் கடையில் செய்யலாம், ஆனால் கடைக் கொம்பியூட்டரில் உங்கள் படத்தை விட்டுவிட்டு வரக் கூடாது. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில், உறவுக்காரரிடம் கொடுத்து வையுங்க. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்து தெரியாது. 'ஆவணம்' என்று தெரிவு செய்து அனுப்ப வேணும். எந்தப் படமும் மூலப் பத்திரத்துக்கு ஈடில்லை, அது ட்ரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைப் படம் பிடிக்கும்போது பதிவு இலக்கமும் பதிவு செய்த திகதியும் தெளிவாக விழ வேணும். பத்திரம் தொலைந்து பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி கேட்கும் நாளில் அந்த இரண்டும் கையில் இருந்தால், பழைய புத்தகத்தைத் தேட வேண்டிய அலைச்சல் இருக்காது.