சுருங்கும் மின்சுற்றுப் பலகை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவியைப் பிரித்து, அதன் மின்சுற்றுப் பலகையை வெட்டிச் சிறிதாக்கி, கையடக்கக் கருவியாக மாற்றும் பொழுதுபோக்கு ஒன்று மேல்நாடுகளில் உண்டு. அமெரிக்கரான பெஞ்சமின் ஹெக்கன்டார்ன் 2000ஆம் ஆண்டில் அட்டாரி 2600 என்னும் கருவியை இவ்வாறு மாற்றினார். 1977இல் வெளிவந்த அக்கருவியில் முக்கிய ஐ.சி.க்கள் மூன்றுதான். பின்வந்த கருவிகளில் இவ்வேலை அத்தனை எளிதன்று. நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'வீ' கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் இயற்பியலைக் காண்போம்.

எதை வெட்டலாம்?

வீ கருவியின் மூளை எனத்தக்கவை சில சிப்புகளே. பிராட்வே என்னும் செயலி, ஹாலிவுட் என்னும் படம் வரையும் சிப்பு, 64 மெகாபைட் நினைவகம், 512 மெகாபைட் நிலைநினைவகம் ஆகியவை முதன்மையானவை. குறுந்தட்டு இணைப்பு, பழைய கைப்பிடிகளுக்கான நான்கு துளைகள், மின்வழங்கிப் பகுதி முதலியன எஞ்சிய இடத்தை அடைத்துள்ளன. வெட்டப்படுபவை இவையே. வெட்டுவதற்கு முன்பே, விளையாட்டுகளை யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்து படிக்கும்படி மென்பொருளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மூளைப் பகுதியையும் துண்டாக்கிக் கம்பியால் இணைத்தால் என்ன என்று கேட்கலாம். ஹாலிவுட் சிப்பு நொடிக்கு 24 கோடியே 30 லட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. ஒரு துடிப்பின் காலம் ஏறத்தாழ 4 நானோ நொடி. பலகையில் ஒரு நானோ நொடியில் சைகை செல்லும் தூரம் சுமார் 15 செ.மீ. ஆகவே 6 செ.மீ. கம்பி கூடினால் துடிப்புக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகும். ஒன்றாக வர வேண்டிய சைகைகள் முன்பின்னாக வந்து சேரும். வேகமான பாதைகளைத் தொடாமல் விடுவதற்குக் காரணம் இதுவே.

வெட்டிய விளிம்பு

இப்பலகை ஒரே தகடு அன்று. செம்புத் தாள்களும் கண்ணாடி இழையும் மாறி மாறி அமைந்த அடுக்கு. வெட்டும்போது ஒரு தாளின் செம்புப் பிசிறு அடுத்த தாளைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். எனவே விளிம்பை முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பிறகு மிக நுண்ணிய தாளாலும் தேய்ப்பார்கள். ஒவ்வொரு மின்பாதைக்கும் தரைக்கும் இடையிலுள்ள மின்தடையை, வெட்டும் முன்பும் பின்பும் மல்டிமீட்டரால் அளந்து ஒப்பிடுவார்கள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர் தொட்டுத் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் அவசியம்.

ஓம் விதி இங்கே

வெட்டப்பட்ட மின்வழங்கிக்கு ஈடாக 1.0, 1.15, 1.8, 3.3 வோல்ட் என நான்கு மின்னழுத்தங்களை நாமே தர வேண்டும். இரண்டு லித்தியம் மின்கலங்களைத் தொடரிணைப்பில் வைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். இதிலிருந்து 1 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். எஞ்சிய 6.4 வோல்ட்டைச் சாதாரண சீராக்கியில் வெப்பமாக்கினால் வீணாவது 32 வாட். பயன்படுவது 5 வாட் மட்டுமே! ஆகவே, நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச் வகைச் சீராக்கியே ஏற்றது.

அடுத்து, இணைக்கும் கம்பி. அதன் மின்தடை 0.01 ஓம் என்றால் 5 ஆம்பியரில் 0.05 வோல்ட் குறையும். 12 வோல்ட் பாதையில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். 1 வோல்ட் பாதையிலோ இது நூற்றுக்கு ஐந்து பங்கு. கருவி தடுமாற இதுவே போதும். கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும் என்பதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

சிறிய பெட்டிக்குள் வெப்பம் தங்கும் என்பதால், உலோகத் தகடும் சிறு விசிறியும் வேண்டும். லித்தியம் மின்கலத்தைப் பாதுகாப்புச் சுற்று இன்றிப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

நமக்கு என்ன?

நம் கல்லூரியில் என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். "விலை உயர்ந்த சாமான், தொடாதே!" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அது நியாயமான அச்சம். கெட்டால் மறுபடி வாங்க வீட்டில் பணம் இல்லை. ஆனால் அந்த அச்சம், மூடிய பெட்டியின் உள்ளே இருப்பது நமக்குரிய அறிவன்று என்ற எண்ணமாக மாறிவிடக் கூடாது. ஓம் விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே விதிதான் அங்கே ஒரு கம்பியின் தடிமனைத் தீர்மானிக்கிறது.

இதற்கு வீ கருவி வேண்டியதில்லை. பழுதாகி மூலையில் கிடக்கும் ஒரு வானொலிப் பலகை போதும். இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் எங்கே நுழைகிறது, எங்கே பிரிகிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். எது இல்லாவிட்டாலும் இது இயங்கும் என்று ஒவ்வொரு பாகத்தையும் கேளுங்கள். வரைந்து முடிக்கும்போது, அந்தப் பலகை குப்பையாகத் தோன்றாது, பாடமாகத் தோன்றும்.