நான்காவது கால் தேவைதானா?

மாலையில் நான் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புக் கடைக்கு, தூத்துக்குடி விசைப்படகுப் பட்டறையொன்றிலிருந்து வெல்டிங் இன்வெர்ட்டர் வந்தது. உள்ளே மூன்று கால் மாஸ்ஃபெட் வெடித்திருந்தது.

"நாலு கால் போட்டா நிக்குமா, தம்பி?" என்றார் அண்ணாச்சி. விலை கூடுதல். எங்கள் வீட்டில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான். பிறர் காசை வீணாக்க மனமில்லை. கணக்குப் போட்டேன்.

மூன்று கால் வகையில் சுமை மின்னோட்டமும் கேட் மின்னோட்டமும் ஒரே சோர்ஸ் கால் வழியே திரும்புகின்றன. அக்காலின் மின்தூண்டல் 10 நானோஹென்றி எனக் கொள்வோம். நானோநொடிக்கு 1 ஆம்பியர் ஏறினால் 10 வோல்ட் எதிர்த்தெழும். கேட்டின் 15 வோல்ட்டில் அக்கணம் 5 வோல்ட்டே மிஞ்சும்! மாஸ்ஃபெட் தயங்கும், சூடேறும். நான்காவது கால் கேட்டுக்குத் தனிப்பாதை. அதிவேக சிலிக்கன் கார்பைடு வகைக்கு அது பெரும் பயன்.

இங்கோ ஏற்றம் பத்திலொரு பங்கு. இழப்பு 1 வோல்ட். பலகையிலும் மூன்றே துளைகள். இரு சோர்ஸ் கால்களையும் சேர்த்துப் பற்றவைத்தால் பயன் போயிற்று.

விசிறியோ உப்பேறி நின்றிருந்தது. அதை மாற்றி, மூன்று காலையே போட்டேன்.