மூழ்காத படகின் கதை



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் காலாப்பட்டு வரும். சுற்றிலும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். நடுவில் இந்தப் பகுதி மட்டும் புதுச்சேரியைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக் கோடு இது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்குதான் இருக்கிறது. பெரிய காலாப்பட்டு, சின்னக் காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கணபதிசெட்டிக்குளம் ஆகிய மீனவர் ஊர்கள் கடலோரத்தில் வரிசையாக அமைந்துள்ளன.

ஐரோப்பாவின் கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் ‘உயிர்காப்புப் படகு நிலையம்’ என்று ஒரு கட்டடம் இருக்கும். அதனுள் ஒரு படகு எந்நேரமும் புறப்படத் தயாராக நிற்கும். கடலில் ஒரு கப்பல் ஆபத்தில் சிக்கினால் மணி ஒலிக்கும்; ஊரார் ஓடிவந்து படகைக் கடலில் தள்ளுவார்கள். நம் குப்பங்களில் அப்படிப்பட்ட கட்டடத்தைக் காண்பது அரிது. அப்படியானால் சோழமண்டலக் கரையில் கடலில் விழுந்தவரைக் காத்தது எது? அதை அறிய, முதலில் நம் கடலின் இயல்பைத் தெரிந்துகொள்வோம்.

அலை ஏன் உடைகிறது?

ஆழ்கடலில் அலை உருண்டு செல்லுமே தவிர உடையாது. கரையை நெருங்கும்போது கடலின் ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பகுதி தரையின் தடையால் வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திச் சென்று கவிழ்கிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும் எனலாம். 2 மீட்டர் உயர அலை, ஆழம் 2.6 மீட்டராகும் இடத்தில் உடைந்துவிடும்.

சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல்மேடுகள் உள்ளன. ஒவ்வொரு மேட்டின் மீதும் ஒரு வரிசை அலை உடைகிறது. ஆகவே பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் பயணிகளும் சரக்கும் சிறு படகுகளில்தான் கரை சேர வேண்டியிருந்தது. கப்பலில் பல மாதம் கடலைக் கடந்து வந்தவர்கள், கடைசி சில நூறு மீட்டர் தூரத்தைக் கண்டுதான் அதிகம் அஞ்சினார்கள்.

சலங்கும் கட்டுமரமும்

ஐரோப்பியக் கப்பலின் கட்டைப் படகுகள் இந்த அலையில் தரை தட்டினால் உடைந்தன. காரணம், அவை ஆணி அடித்து இறுக்கப்பட்டவை. நம்மவர் கட்டிய படகோ பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்தது. அதில் ஆணியும் இல்லை, விலாச் சட்டங்களும் இல்லை. அலை தூக்கித் தரையில் போட்டாலும் அது வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். ஆங்கிலேயர் இதை மசூலா படகு என்றனர். தமிழில் இதற்குச் சலங்கு என்றும் பெயர் உண்டு.

சலங்கும் சில வேளைகளில் கவிழ்ந்தது. அதனால்தான் சென்னைக் கரையில் பயணிகளுடன் சலங்கு புறப்படும்போது, பக்கத்தில் கட்டுமரங்களும் சென்றன. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கி ஏற்றிக்கொள்வது கட்டுமரக்காரரின் பணி. இவ்வாறு உயிர் காத்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. கட்டடம் இல்லை, மணி இல்லை. ஆனால் இதுவும் ஓர் உயிர்காப்புப் பணியே அன்றோ?

இப்பணிக்குக் கட்டுமரத்தைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல அறிவியல் இருக்கிறது. கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்று ஓர் இடம் கிடையாது. எடை குறைந்த சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான் அது. அலை மேலே விழுந்தால் நீர் இடுக்குகளின் வழியே தானாக வடிந்துவிடும். எனவே அது நிறையவும் நிறையாது, மூழ்கவும் மூழ்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரங்களின் மொத்தக் கன அளவு 600 லிட்டர் என்றும், மரத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதி என்றும் கொள்வோம். கட்டுமரத்தின் எடை 300 கிலோகிராம். அது முழுவதும் அமிழ்ந்தால் 600 கிலோகிராம் நீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி மிச்சமிருக்கும் 300 கிலோகிராம் சுமையை அது தாங்கும். அதாவது தலா 60 கிலோகிராம் எடையுள்ள ஐந்து பேர்! அலை எத்தனை முறை மூடினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மரம் நீரை உறிஞ்சிக்கொண்டால் மட்டும் மாறும். அடர்த்தி கூடக் கூட, தாங்கும் சுமை குறைந்துகொண்டே வரும். மீனவர்கள் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர வைத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

இங்கிலாந்தில் ஒரு போட்டி

மரத்தால் இயல்பாகக் கிடைத்த இப்பண்பை ஐரோப்பியர் குழிவான படகில் கொண்டுவர முயன்ற கதையைப் பார்ப்போம்.

1789ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ‘அட்வென்சர்’ என்னும் கப்பல் புயலில் தரை தட்டியது. கரையில் திரண்ட மக்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் கடலில் விழுந்து இறந்தனர். அந்த அலையில் செல்லக்கூடிய படகு எவரிடமும் இல்லை. இதைக் கண்டு வருந்தியவர்கள், கொந்தளிக்கும் கடலிலும் மூழ்காத படகுக்கு மாதிரி கேட்டுப் பரிசு அறிவித்தார்கள்.

போட்டியில் வில்லியம் வுட்ஹேவ் என்பவரும் கலந்துகொண்டார். வீடுகளுக்கு வண்ணம் பூசுவது அவர் தொழில். கிணற்றடியில் ஒரு பாத்திரத்து நீரில் மிதந்த மரக் கிண்ணத்தின் உடைந்த துண்டைப் பார்த்தே அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். எப்படிக் கவிழ்த்துவிட்டாலும் அத்துண்டு திரும்பவும் நிமிர்ந்துகொண்டதாம்! ஹென்றி கிரேட்ஹெட் என்னும் படகுக் கட்டுநர், போட்டியில் வந்த கருத்துகளைக் கொண்டு ‘ஒரிஜினல்’ என்ற படகைக் கட்டினார். நீர் நிறைந்தாலும் மிதக்கும்படி அதில் நிறையக் கார்க்கு வைத்துக் கட்டப்பட்டது. 1790ஆம் ஆண்டு ஜனவரியில் அது முதன்முதலாக உயிர் காக்கப் புறப்பட்டது.

1824ஆம் ஆண்டு சர் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் பிரிட்டனில் உயிர்காப்புப் படகுச் சங்கம் தோன்றியது. அன்றுமுதல் 1,40,000க்கும் மேற்பட்ட உயிர்களை அது காத்திருக்கிறது. அப்போது புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்சிலும் 1865ஆம் ஆண்டு இத்தகைய சங்கம் அமைந்தது.

கவிழ்ந்தாலும் நிமிரும் படகு

‘ஒரிஜினல்’ மூழ்காது; ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. வுட்ஹேவ் கண்ட தந்திரம் செயலுக்கு வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1851ஆம் ஆண்டு நடந்த மற்றொரு போட்டியில் ஜேம்ஸ் பீச்சிங் என்பவரின் தானே நிமிரும் படகு பரிசு பெற்றது.

அதன் தத்துவம் எளிது. படகின் முன்முனையிலும் பின்முனையிலும் உயரமான காற்றறைகள் இருக்கும். அடிப்புறம் கனமாக இருக்கும். படகு தலைகீழானால் அந்த இரு காற்றறைகளின் மேல் நிற்க வேண்டும். கனமான அடிப்புறமோ உச்சிக்கு வந்துவிடும். குச்சியின் முனையில் நிறுத்திய செங்கல்லைப்போல் அந்நிலை நிலையற்றது. சிறிது சாய்ந்தாலும் கனம் கீழிறங்கிவிடும், படகும் நிமிர்ந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தை வாளி நீரில் மிதக்க விடுங்கள். அதில் நீர் ஊற்றுங்கள். நிறைந்ததும் மூழ்கிவிடும். இப்போது இறுக மூடிய இரண்டு சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கிண்ணத்தின் விளிம்பில், எதிரெதிர்ப் பக்கங்களில், ஒட்டும் நாடாவால் பொருத்துங்கள். மீண்டும் நீர் ஊற்றுங்கள். கிண்ணம் நிறையும், ஆனால் மூழ்காது. பாட்டில்களைக் கழற்றி, கிண்ணத்தின் அடிப்புறத்தில் நெருக்கமாகப் பொருத்திச் செய்து பாருங்கள். கிண்ணம் எளிதில் புரண்டுவிடும். காற்று மேலேயும் கனம் கீழேயும் இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

படகு மட்டும் போதுமா?

போதாது. படகில் செல்பவரும் மிதக்க வேண்டும். 1861ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விட்பி என்னும் ஊரில் உயிர்காப்புப் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் இறந்தனர். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே. புதிதாக வந்திருந்த கார்க்கு மேலாடையை அன்று அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே!

அடுத்தது, ஊரின் ஒற்றுமை. 1899ஆம் ஆண்டு ஜனவரியில் லின்மத் என்னும் சிற்றூரில் படகைக் கடலில் இறக்க முடியாதபடி புயல் வீசியது. ஊரார் படகை வண்டியிலேற்றி, குதிரைகள் பூட்டி, இரவெல்லாம் மலைப்பாதையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இழுத்துச் சென்று வேறொரு துறையில் இறக்கினார்கள். ஆபத்திலிருந்த கப்பலில் எல்லோரும் காப்பாற்றப்பட்டனர். இங்கிலாந்துக் கதைதானே என்று எண்ண வேண்டாம். 2018ஆம் ஆண்டு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அங்குள்ள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தார்கள். ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்திலும் மீனவர்கள் படகுகளுடன் வந்து உதவினார்கள்.

மூன்றாவது, எச்சரிக்கை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலாப்பட்டு உட்படப் புதுச்சேரிக் கடலோரம் முழுவதையும் ஆழிப்பேரலை தாக்கியது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் மட்டும் ஓர் அரிய செயல் நடந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தியறிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்த அறிவு மையமும், அதன் ஒலிபெருக்கியும் இருந்தன. நாள்தோறும் அலையின் உயரத்தையும் மீன் விலையையும் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கி, அன்று ஊரை விட்டு ஓடும்படி அறிவித்தது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தனர். பழைய உயிர்காப்பு நிலையத்தின் மணி செய்த வேலையைத்தான் இந்த ஒலிபெருக்கி செய்தது.

இன்றைய நிலை

இன்று காலாப்பட்டுக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகள் பிடித்துள்ளன. 2004க்குப் பின் இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்தது. பைபர் படகு வேகமானது, தொலைதூரம் செல்லக்கூடியது, மீனவரின் உழைப்பைக் குறைப்பது. ஆனால் அதற்கு ‘உள்ளே’ இருக்கிறது. நீர் புகுந்தால் என்னாகும்?

மீண்டும் கணக்குக்காகச் சில எண்களைக் கொள்வோம். படகின் எடை 450 கிலோகிராம்; கண்ணாடியிழையின் அடர்த்தி நீரைப்போல் 1.5 மடங்கு. எனவே படகின் பொருள் விலக்கும் நீர் 300 கிலோகிராம். மீதி 150 கிலோகிராம் அதைக் கீழே இழுக்கும். 90 கிலோகிராம் எடையுள்ள இரும்பு எஞ்சின் நீரில் சுமார் 78 கிலோகிராம் கனக்கும். ஆக மொத்தம் 228. நீர் நிறைந்த படகு மூழ்காதிருக்க, குறைந்தது 230 லிட்டர் அளவுக்கு எடையற்ற நுரைப்பொருள் அதில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் பிடித்துத் தொங்கும் ஆட்களுக்காக இன்னும் கொஞ்சம். அதுவும் பக்கங்களில், உயரத்தில் இருக்க வேண்டும். மரம் இலவசமாகத் தந்ததை இப்போது நாம் கணக்கிட்டு வைக்க வேண்டியிருக்கிறது. மீனும் வலையும் வைக்க இடம் வேண்டும் என்று மிதப்பு அறையைக் குறைத்தால், குறைவது நம் உயிரின் காப்பு.

படகை இறக்கி ஏற்ற மணற்கரையும் வேண்டும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் தடைப்பட்டது. வடக்கிலுள்ள ஊர்களின் கரையைக் கடல் அரித்துவருகிறது. கரை தேய்ந்தால், ஊரார் ஓடிச்சென்று படகைத் தள்ளும் இடமும் தேய்கிறது.

உதவியும் வளர்ந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் கடலோரக் காவல்படை நிலைபெற்றது. கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணில் அதை அழைக்கலாம். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியையும் செய்துவருகிறது. ஆயினும் கப்பல் வந்து சேரும்வரை ஒருவரை மிதக்க வைப்பது, அருகிலிருப்பவரும் உயிர்காப்பு மேலாடையும்தான்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கடலில் குளிக்கச் சென்று அலையின் இழுப்பில் சிக்குவோர் பலர் உங்கள் வயதினரே. நீந்தத் தெரிந்தவர் என்ற துணிவில் பின்னால் குதித்தவரும் இறந்ததுண்டு. குதிக்காதீர்கள். உரக்கக் கூவி மீனவர்களை அழையுங்கள். மூடிய 20 லிட்டர் காலித் தண்ணீர்க் கேன் ஒன்றை, முடிந்தால் கயிறு கட்டி, அவரை நோக்கி எறியுங்கள். கழுத்தளவு நீரில் இருக்கும் மனிதருக்குச் சில கிலோகிராம் மிதப்பு விசையே போதும்; அந்தக் கேன் ஏறத்தாழ 19 கிலோகிராம் தருகிறது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நகர்ந்து, பிறகு கரை சேர முயல வேண்டும்.

விடை காணுங்கள்

1. 600 லிட்டர் கட்டுமரத்தின் அடர்த்தி, நீர் உறிஞ்சியதால் 0.5இலிருந்து 0.7 ஆகிறது. இப்போது அது தலா 60 கிலோகிராம் எடையுள்ள எத்தனை பேரைத் தாங்கும்?

2. உயிர்காப்பு மேலாடையில் மிதக்கும் பொருளை இடுப்பில் வைக்காமல் மார்பிலும் கழுத்தருகிலும் வைப்பது ஏன்? கிண்ணச் சோதனையை நினைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.