டெஸ்ட் முடிந்த தண்ணீரை லைனில் விடாதீர்கள்

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) லைனில் வெல்டு ஓரம் சொட்டினால் உடனே வெல்டரைத்தான் திட்டுகிறார்கள். பல இடங்களில் காரணம் வேறு. ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை) முடிந்து பிரஷர் இறங்காமல் நின்றதும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள், தண்ணீர் மட்டும் வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் காலியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உண்டு. தேங்கிய நீரில் அவை வெல்டு மேல் பழுப்பு மேடு கட்டும். மேட்டுக்கு அடியில் ஆக்ஸிஜன் வற்றி, குளோரைடு சேர்ந்து, எஸ்.எஸ்.ஸைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் உடையும். வெளியே ஊசிமுனைத் துளைதான் தெரியும், உள்ளே பெரிய பொந்து இருக்கும்.

தடுப்பு வெல்டிங்கிலேயே தொடங்குகிறது: அப்போது குழாய்க்குள் ஆர்கான் பர்ஜ் கட்டாயம். உள்பக்கம் வெளிர் வைக்கோல் நிறத்தோடு நின்றால் சரி. நீலம், கரும்பழுப்பு ஏறினால் அதன் அடியில் குரோமியம் குறைந்திருக்கும், பாக்டீரியா பிடிப்பதும் அங்கேதான். கை எட்டும் இடத்தில் பிக்ளிங் பேஸ்ட் போட்டுக் கழுவுங்கள். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கிறது, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. வயர் பிரஷ் வெறும் பளபளப்புதான் தரும், நான் அதைச் சுத்தம் செய்ததாகவே கணக்கில் எடுப்பதில்லை.

டெஸ்டுக்குக் குடிநீர்த் தரமுள்ள தண்ணீரையே எடுங்கள்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். டெஸ்ட் முடிந்த அன்றே வடிப்பது என் விதி. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் எந்தச் சாக்கும் செல்லாது. டிரெய்ன் வால்வைத் திறந்ததோடு வேலை முடிவதில்லை. படுக்கை லைனின் தாழ்ந்த இடம், வால்வு பாடி, மூடிவைத்த கிளைக்குழாய் எல்லாவற்றிலும் நீர் தங்கும். லோ பாயின்ட் ஃப்ளாஞ்சைக் கழற்றுங்கள். எண்ணெய் இல்லாத உலர்காற்றை ஊதுங்கள். சொட்டு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. வெளியேறும் காற்றில் ஈரம் இல்லை என்று தெரியும்வரை ஊத வேண்டும். லைன் ஓடத் தாமதமாகும், வடிக்கவும் வழியில்லை என்றால் குளோரின் கலந்த நீரைத் தினமும் சுழற்றுங்கள். 304 ரக எஸ்.எஸ்.ஸுக்கு எஞ்சிய குளோரின் 2 பி.பி.எம்.மைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் குளோரினே உலோகத்தை அரிக்கும்.

ஏற்கெனவே சொட்டும் லைனா? துளை மேல் பொட்டு வெல்டு வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பொந்து அப்படியே நிற்கும். ரேடியோகிராபி எடுத்து, அந்தத் துண்டையே வெட்டி மாற்றுங்கள். பக்கத்து ஜாயின்டுகளையும் படம் எடுங்கள், அதே தண்ணீர்தான் அங்கேயும் தேங்கியிருந்தது.