சிறு டிரெய்லருக்கு ரப்பர் முறுக்கு அச்சு

சிறு டிராக்டரில் பூட்டும் இரு சக்கர டிரெய்லருக்குப் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் முறுக்கு அச்சும் பொருத்தலாம். இதில் சதுரக் குழாய்க்குள் அடைத்துள்ள ரப்பர் நசுங்கி, மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும். தக்காளி, முட்டை ஏற்றுவோருக்கு ஏற்றது. எரு மட்டும் அடிப்போருக்கு வீண் செலவே.

'பலமாக இருக்கட்டும்' என்று பெரிய அச்சாக வாங்குவது தவறு. டிரெய்லர் 250 கிலோ, சுமை 750 கிலோ எனில் 1,000 கிலோ அச்சே போதும். 2,000 கிலோ அச்சில் ரப்பர் சரியாக முறுங்காது, காய் அடிபடும். தாங்குதிறன் குறைந்தாலோ ரப்பர் விரைவில் கெட்டு, பெரும்பாலும் அச்சையே மாற்ற நேரும்.

பொருத்தும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. கொக்கியிலிருந்து சக்கர மையம் 10 அடி எனில், மொத்த எடையின் மையம் சக்கரத்துக்கு 1 அடி முன்னே அமைய வேண்டும். அப்போது பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ, கொக்கியில் விழும். பின்பாரமானால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடி இழக்கும். வாய்க்கால் கரை இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே மூட்டைகளையும் முன்புறமிருந்தே அடுக்குங்கள்.

அச்சின் கை பின்னோக்கி நீண்டிருப்பதால் குழாயிலிருந்து அளக்கக் கூடாது. சக்கர மையத்திலிருந்தே அளக்க வேண்டும். கொக்கியிலிருந்து இரு சக்கரங்களுக்கும் தூரம் சமமாக இல்லாவிட்டால் டயர் ஒருபுறமாகத் தேயும்.

குழாயின் மேல் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுவிடும். போல்ட் போட்டே இறுக்கி, முதல் சில நடைகளுக்குப்பின் மீண்டும் ஒருமுறை முடுக்கவும்.