கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு: அதற்கும் உங்களுக்கும் பாதுகாப்பான உதவி

பலத்த காற்றும் மழையும் அடித்த மறுநாள் காலையில் வாசல் கூட்டப் போனால், மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு வாயைப் பிளந்தபடி கிடக்கும். லோபாக்கில் தரைவீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. தோட்டத்து லயங்களில் வளர்ந்த பெரியவர்கள் பலர் சிறுவயதில் மைனாவையோ புறாவையோ எடுத்து வளர்த்திருப்பார்கள். பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டி, அட்டைப் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் அது விறைத்துக் கிடந்ததையும் பார்த்திருப்பார்கள்.

பிள்ளைகள் வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட்ட வீட்டில் ஒரு குஞ்சு நல்ல துணைதான். ஆனால் அதைக் கையில் எடுக்கும்போது அதன் உயிரோடு எடுப்பவரின் உடல்நலமும் சேர்ந்தே வருகிறது. நீரிழிவு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்கவும்.

அது உண்மையில் அநாதையா?

தரையில் காணும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அநாதைகள் அல்ல. முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? கிளையையோ உங்கள் விரலையோ காலால் பற்றிக்கொள்கிறதா? அப்படியானால் அது பறக்கப் பழகும் குஞ்சு. மைனா, புல்புல், முராய் போன்ற பறவைகளின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாட்கள் தரையிலும் புதரிலும் திரியும். தாயும் தந்தையும் அங்கேயே வந்து இரை கொடுக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அவை வரமாட்டா. அதனால்தான் குஞ்சு கைவிடப்பட்டதுபோல் தெரிகிறது. இந்தக் குஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோவது, பள்ளிக்கூட வாசலில் தாய்க்காகக் காத்திருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

பூனையோ நாயோ கார் சக்கரமோ வரும் இடமாக இருந்தால், பக்கத்துச் செடி மறைவிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகிவிடவும். வீட்டுப் பூனையை அன்று உள்ளே வைத்துக்கொள்ளவும்.

இறகே இல்லாமல் சிவந்த தோலோடு, கண் திறக்காமல் கிடப்பது வேறு. அது கூட்டில் இருக்க வேண்டியது. கூடு கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வைப்பதே முதல் மருந்து. மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல. மனித வாடைக்காக எந்தத் தாய்ப்பறவையும் குஞ்சை ஒதுக்குவதில்லை. புல்புல், மலாய் அண்டைவீட்டார் மெர்பா என்று சொல்லும் அந்தக் குருவி, பூந்தொட்டியிலும் தாழ்வாரச் செடியிலும்கூடக் கூடு கட்டும். அதன் குஞ்சு விழுந்தால் எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

கூடு உயரத்தில் இருந்தால் ஏணி வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். பறவையால் வரும் நோயைவிட, அதற்காக ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் எழுபது வயதில் பக்கத்தில் இருக்கும் ஆபத்து. கூடு சிதைந்துபோயிருந்தாலும், எட்டாத உயரத்தில் இருந்தாலும், ஒரு சிறிய மூங்கில் கூடையையோ அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவையோ காய்ந்த புல் வைத்து, அதே மரத்தில் கைக்கு எட்டும் கிளையில் கட்டி, குஞ்சை அதில் விடலாம். பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஓரிரண்டு மணி நேரம் பாருங்கள். குஞ்சின் சத்தம் கேட்டுத் தாய் பெரும்பாலும் வந்துவிடும். காக்கைக் குஞ்சாக இருந்தால் காக்கைகள் தலையில் கொத்த வரும், குடை பிடித்துக்கொள்ளவும்.

ஓர் இரவு வைத்திருக்க நேர்ந்தால்

தாய் இறந்து கிடப்பதைப் பார்த்தீர்கள், அல்லது குஞ்சுக்குக் காயம், அல்லது பூனை கடித்துவிட்டது. அப்போது எடுக்கத்தான் வேண்டும். பூனை கடித்த குஞ்சுக்கு வெளியே ஒரு புள்ளி இரத்தம்தான் தெரியும்; பூனையின் எச்சிலில் உள்ள கிருமி உள்ளே பரவிச் சீக்கிரமே அதைக் கொன்றுவிடும். அதை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றவற்றுக்கு முதல் தேவை சூடு. உணவு அதற்குப் பிறகுதான். இறகில்லாத குஞ்சால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டினால் இரை செரிக்காமல் இறந்துவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கவும். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பெட்டியை மூடி, சத்தமில்லாத இடத்தில் வைக்கவும். பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க விடாதீர்கள்; மனித முகம் அதற்குப் பயம்.

வாயில் தண்ணீர் விடவே கூடாது. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அன்போடு தண்ணீர் கொடுத்தே பல குஞ்சுகளைக் கொன்றுவிடுகிறோம். பாலும் ஆகாது, பாலிலுள்ள சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது. சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. மைனாவுக்கும் முராய்க்கும் தாய் ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்.

மறுநாள்வரை வைத்திருக்க வேண்டிய மைனாக் குஞ்சு சூடாகி, தானாக வாயைப் பிளந்தால், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பூனைத் தீனியையோ அவித்த முட்டையின் மஞ்சள் கருவையோ சிறு துணுக்காகக் கொடுக்கலாம். வாயை வலிந்து திறக்க வேண்டாம். புறாக் குஞ்சுக்கு இதுவும் பொருந்தாது. மலாயில் தெக்குக்கூர் எனப்படும் புள்ளிப் புறாவின் குஞ்சு வாயைப் பிளக்காது. தாயின் அலகுக்குள் தன் அலகை நுழைத்து, தாயின் தொண்டைப்பையில் ஊறும் பால் போன்ற உணவைக் குடிக்கும். பழக்கமில்லாத கையால் அதற்கு ஊட்ட முயல வேண்டாம்.

வளர்த்துவிடலாமே என்று தோன்றும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், பல நாட்களுக்கு. அப்படியே பிழைத்தாலும், மனிதரைத் தாயாக நினைத்து வளர்ந்த பறவைக்குப் பூனையைக் கண்டு பயப்படவும் இரை தேடவும் தெரியாது. மேலும், தீபகற்ப மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட பறவைகளை அனுமதியின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (சட்டம் 716) கீழ்க் குற்றம். நல்லெண்ணத்தோடு எடுத்தவர் செய்ய வேண்டியது, தாமதிக்காமல் பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பது.

செம்பனைத் தோட்டத்து ஆந்தை

தோட்டங்களில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. செம்பனை மரங்களுக்கிடையே கம்பத்தின்மேல் வைத்திருக்கும் மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை கூகை எனப்படும் வெள்ளைமுக ஆந்தைக்காக நிர்வாகம் வைத்தவை. செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிகளை இந்த ஆந்தைகள் பிடித்துத் தின்னும். வீட்டின்மேல் அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிவது நம்மிடையே இன்னும் போகவில்லை. எலி இருக்கும் இடத்தில் எலிக் காய்ச்சலும் உண்டு. அந்த எலியைக் குறைக்கும் பறவையைச் சகுனத்துக்காக அடிப்பது நமக்கே நட்டம்.

ஆந்தைக் குஞ்சு விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தூக்க வேண்டாம். சிறியதாக இருந்தாலும் நகம் ஆழமாக இறங்கும். தடித்த துண்டைப் போர்த்தி எடுத்து, பெட்டியில் வைத்து, கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லவும். பெரிய ஆந்தை ஒன்று பறக்க முடியாமல் சோர்ந்து கிடந்தால், விஷம் தின்ற எலியை அது தின்றிருக்கலாம். அதையும் சேர்த்துச் சொல்லவும்.

விழுந்து கிடப்பது வௌவால் குஞ்சு என்றால் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

வௌவாலை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்பது நெகிரி செம்பிலானில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1998-99இல் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலால் அடுத்தடுத்து விழுந்தார்கள். முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மருந்து புகைத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் தாக்குவது சிறுவர்களை. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நேரடியாக வேலை செய்த வளர்ந்த ஆண்கள். அந்த வேறுபாடுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்த நோய் அது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர்.

நோயாளி எந்த விலங்கோடு இருந்தார் என்ற செய்தி மருத்துவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நம் மாநிலம் அன்று கற்றது. பறவைக்கும் அது பொருந்தும். கிளிக் காய்ச்சல் என்ற ஒரு நோய் உண்டு. கிளி, புறா முதலிய பறவைகளின் உலர்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுப்பதால் வரும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் தொடங்கும். பார்வைக்குச் சாதாரண சளிக்காய்ச்சல்தான். கவனிக்காமல் விட்டால் முதியவர்களுக்கு நிமோனியாவாக முற்றும். சரியான நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும். அதைக் கொடுக்க மருத்துவருக்குக் காரணம் தெரிய வேண்டும். ஆகவே கிளினிக்கில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பறவைக் குஞ்சைக் கையில் வைத்திருந்தேன் டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள்.

குஞ்சைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் அணியவும். கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். பிறகு சவர்க்காரமிட்டு இருபது விநாடி கழுவவும். பெட்டியைச் சமையலறையில் வைக்க வேண்டாம்; கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாமல், தண்ணீரும் சவர்க்காரமும் தெளித்து நனைத்துத் துடைக்கவும். குஞ்சின் உடலில் பேன் போன்ற சிறு உண்ணிகள் இருக்கும். கையில் அரிப்புக் கண்டால் குளித்து உடையை மாற்றவும். நீரிழிவு உள்ளவர் அலகோ நகமோ கீறியதைச் சிறிய காயம் என்று விடக்கூடாது. ஓடும் நீரில் கழுவிவிட்டு, சிவந்தாலோ வீங்கினாலோ அன்றே கிளினிக்குக்குப் போகவும். இரண தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்றும் கேட்டுக்கொள்ளவும்.

சிறுநீரகச் சுத்திகரிப்பு, புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, தினமும் ஸ்டீராய்டு மாத்திரை என எதில் இருந்தாலும் குஞ்சை நீங்கள் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு இளைஞரைக் கூப்பிடுங்கள்.

ஒரே இடத்தில் பல பறவைகளோ கோழிகளோ செத்துக் கிடந்தால், ஒன்றையும் தொடாமல், புதைக்காமல், கால்நடை சேவைத் துறைக்குத் தெரிவிக்கவும். கிளந்தானில் 2004இலும் 2017இலும் பறவைக் காய்ச்சல் கோழிகளைத் தாக்கியிருக்கிறது. பெர்ஹிலித்தானை அழைக்கும்போது கண்ட இடம், நேரம், இறகு முளைத்ததா இல்லையா, காயம் உண்டா, ஏதாவது ஊட்டினீர்களா என்பதைச் சொல்லவும். மலாய் பேசத் தயங்கினால், "அனாக் பூருங் ஜாத்து" என்றாலே அலுவலருக்குப் புரிந்துவிடும்.