உப்புப் பட்டால் இளகும் ஜெல்

தலைக்குத் தடவும் ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். பின் ஏன் வழிவதில்லை?

பல ஜெல்களில் நூற்றுக்கு அரைப் பங்களவில் கார்போமர் என்னும் செயற்கைப் பாலிமர் உள்ளது. அக்ரிலிக் அமில மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். இடையிடையே குறுக்கு முடிச்சுகள். நீரில் அவை சுருண்டே கிடக்கும். சிறிது காரம் சேர்த்ததும் அமிலத் தொகுதிகள் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமல்லவா? சங்கிலிகள் விரிந்து, நீரை உள்வாங்கிப் பருக்கின்றன, நீர் களியாகிறது.

கார்போமர் என்று அச்சிட்ட ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பைக் கலக்கிப் பாருங்கள். இளகி ஓடும்! சோடியம் அயனிகள் மின்னூட்டங்களைச் சூழ்ந்து மறைப்பதால் விலக்கம் தணிந்து, சங்கிலிகள் சுருங்கிவிடுகின்றன. தோலில் தேய்த்ததும் ஜெல் நீராவதற்கு வியர்வையின் உப்பும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், பல ஷாம்புகளைக் கெட்டியாக்குவதே உப்புதான். அங்கே கெட்டியாவது பாலிமர் அல்ல, அழுக்கு நீக்கும் மூலக்கூறுகளின் திரள்.